தையற்கடைக்குள் புகுந்த நுரை குறித்து

என் பெயரும் கதவு எண்ணும் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்து மூன்று. திருமணமானவள். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து, வண்டிகளுக்கான எரிசாராயம் தயாரிக்கும் ஆலையில் ஈஸ்ட் வளர்ப்பது என் வேலை. இதற்கென்று கடைத்தெருவில் ஒரு கூடம் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறது. என் கணவரின் தங்கையும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். வீட்டிலும் அவள் முகம், வேலையிலும் அவள் முகம் என்று நான் சலித்துக்கொள்வதுண்டு. அதை எழுத வேண்டாம் என்றேன், ஏட்டு எழுதிவிட்டார்.

வெயில் காலத்தில் தொட்டிகள் சூடேறி, ஈஸ்ட் செத்து, ஆலை நின்றுவிடுகிறது. ஆகவே சூட்டைத் தாங்கும் ஈஸ்டை நாங்கள் உருவாக்கி வருகிறோம். சற்றே சூடான பாகில் ஈஸ்டை விடுவோம். பெரும்பாலும் செத்துப்போகும். அதன் பிறகு பிழைத்ததில் ஒரு துளி எடுத்துப் புதுப் பாகில் விட்டு, சூட்டை இன்னும் கொஞ்சம் கூட்டுவோம். எப்போதும் ஒரு துளிதான். சில வருடங்களாக இதே பிழைப்பு. சிறு குடுவையில் பிழைப்பது பெரிய கலனில் சாகும். போன வாரம் முதலாளி வந்து, இந்த முறையும் செத்தால் கூடத்தைக் கிடங்காக்கிவிடப்போவதாகச் சொல்லிப்போனார்.

முந்தாநாள் மாலை பெரிய கலனில் பாகை நிரப்பி ஈஸ்டை விட்டோம். அதன் பிறகு நேற்றுக் காலை குளிர்நீர் மோட்டார் நின்றுவிட்டது. வெப்பமானி நாங்கள் கனவிலும் நினைக்காத அளவுக்கு ஏறியது. நாத்தனார், "அண்ணி, அவ்வளவுதான். எல்லாம் வெந்திருக்கும்" என்றாள். நுரை பொங்காமலிருக்கக் கலனில் அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும். செத்ததற்கு எண்ணெய் எதற்கு என்று நான்தான் விடவில்லை. அதன் பிறகு கூடத்தைப் பூட்டிவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து அடுத்த வேலை எங்கே தேடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். இருவர் டீயும் ஆறிப்போனது.

திரும்பி வந்தபோது தெருவில் கூட்டம் கூடியிருந்தது. எங்கள் கதவடியிலிருந்து பழுப்பு நுரை பொங்கி, படியிறங்கி, பக்கத்துத் தையற்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. தைத்து மாட்டியிருந்த சீருடைகளின் கால்கள் நனைந்திருந்தன. தையற்காரர் போனில், "சார், பட்டப்பகல்ல சாராயம் காய்ச்சுறாங்க சார், ரோட்டுல ஓடுது!" என்று கத்திக்கொண்டிருந்தார். அதன் பிறகு கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தேன். இறங்கவே இல்லை. செத்த ஈஸ்ட் இப்படி நுரைக்காது. நாத்தனார், "உசுரோட இருக்கு அண்ணி!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். இருவரும் நுரையில் குதித்தோம், வழுக்கி விழுந்தோம், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

அதன் பிறகு காவலர் இருவர் வந்து, கலனிலிருந்து ஒரு புட்டி பிடித்து, தக்கை அடைத்து அரக்கு முத்திரை வைத்தார்கள். எங்களுக்குப் போதை தலைக்கேறிவிட்டதாக முடிவு கட்டிய தையற்காரர், ப்ளீச்சிங் பவுடரைக் கொண்டுவந்து கலனுக்குள்ளும் வழிந்த நுரை மேலும் கொட்டிவிட்டார். ஈஸ்ட் முழுதும் செத்தது. அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார். நாங்கள் இருவரும் காவலர் நீட்டிய, போதையைக் கண்டறியும் கருவியில் ஊதிக் காட்டினோம். அதில் ஒன்றும் தெரியவில்லை. சீருடைகளை நாத்தனார் துவைத்துக் கொடுத்துவிட்டாள்.

பழைய ஈஸ்ட் குளிர்பெட்டியில் இருக்கிறது. நேற்றைய சூட்டைத் தாங்கியது இந்தக் காவல் நிலையத்து இரும்பு அலமாரியிலுள்ள புட்டியில் மட்டுமே இருக்கிறது. நாளை முதலாளி வரும்போது காட்ட அது வேண்டும். திருப்பிக் கேட்டேன். வழக்குச் சொத்தை நீதிமன்ற உத்தரவின்றித் தர இயலாது என்று உதவி ஆய்வாளர் சொன்னார். தக்கையையாவது தளர்த்தி வையுங்கள், உயிர் இருந்தால் வாயு முட்டும் என்றேன். அதற்கு அவர், "மத்தியானம் அந்த அலமாரியில கையே வைக்க முடியாதும்மா. அதுக்குள்ள எது பிழைக்கும்?" என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அலமாரிக்குள் 'டப்' என்று வெடித்தது. ஏட்டு மேசைக்கடியில் புகுந்தார். அதன் பிறகு திறந்து பார்த்ததில், தக்கை ஒரு மூலையில் கிடந்தது, புட்டி பொங்கி வழிந்தது. வெளியே பெஞ்சில் இருந்த நாத்தனார் ஓடிவந்து, "நம்ம புள்ளைங்க அண்ணி!" என்றாள். உதவி ஆய்வாளர் புட்டியை மேசையில் வைத்து, தக்கையைத் தளர்வாக அடைத்து மறுபடி முத்திரையிடச் சொன்னார். மேசைக் கண்ணாடியில் கொஞ்சம் சிந்தியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிந்தினது கணக்குல வராதும்மா. தொடைச்சு எடுத்துக்குங்க" என்றார். கைப்பையிலிருந்த சுத்தமான பஞ்சுக்குச்சியால் துடைத்து, சிறு குழாயில் போட்டு மூடிக்கொண்டேன். ஒரு துளி இருக்கும்.

மேலே கண்டவை நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டவை. அத்தனையும் உண்மை. சிரித்துக்கொண்டே போட்டதால் கையெழுத்து கோணியிருக்கிறது, என்னுடையதுதான்.

(ஒப்பம்)