கண்ணாடி ஆடவில்லை

காரைக்கால், 1956ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம்.

என் பெயர் நூகு. தகப்பனார் பெயர் அப்துல் லத்தீப். வயது நாற்பத்து நான்கு. காரைக்கால் தலத்தெருவில் குடியிருக்கிறேன். அதே தெருவில் மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். கோட்டுச்சேரி சாலையில் நடந்த கார் விபத்து சம்பந்தமாக, யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து ஏட்டையா முன்னிலையில் இதைச் சொல்கிறேன்.

மேற்படி கார் சைகோனில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷனில் வந்திருக்கும் திரு. சவியே அவர்களுடையது. ஓட்டுபவர் செல்லையன். கார் பிரான்சு தேசத்தில் செய்ததால் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறது. நம் சாலையிலோ இடது ஓரமாகப் போகவேண்டும். ஆகவே முன்னால் ஒரு பெரிய வண்டி போனால், எதிரே என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது, வலது சீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். இதற்காக அந்தக் காரில் ஒரு வழக்கம் உண்டு. வலது சீட்டில் யார் உட்கார்ந்தாலும் எதிரே பார்த்து, ஏதாவது வந்தால் ‘இரு’ என்று சொல்லவேண்டும். ஒன்றும் வராவிட்டால் பேசாமல் இருக்கலாம். டிரைவர் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டுவார். வழக்கமாக அங்கே உட்காருபவர் சவியே அவர்களின் மனைவி மத்லேன் அம்மாள். காக்காய் பறந்தால்கூட அந்த அம்மாள் ‘இரு’ என்பார் என்று செல்லையன் கேலி செய்வதுண்டு. நானும் பல தடவை அந்தச் சீட்டில் போயிருக்கிறேன், ‘இரு’ என்று சொல்லியும் இருக்கிறேன். வழக்கம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

சம்பவத்தன்று காலை செல்லையன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வலது கதவில் உள்ள பக்கக் கண்ணாடி ஓடும்போது தலையாட்டிக்கொண்டே இருக்கிறது, பின்னால் ஒரு பஸ் வந்தால் நாலு பஸ்ஸாகத் தெரிகிறது என்றார். அந்தக் கண்ணாடி காரோடு வந்ததல்ல, இங்கே வந்தபிறகு யாரோ வைத்தது. வைத்தவர் கதவின் மெல்லிய தகட்டில் வெறும் திருகாணியை முறுக்கிவிட்டுப் போயிருந்தார். உப்புக்காற்றில் தகடு அரித்து, ஓட்டை பெரிதாகி, கண்ணாடியைத் தாங்கும் கால் விழப்போகும் பல் மாதிரி ஆடியது. இந்த வேலையைச் செய்த புண்ணியவானைப் பார்த்தால் இதே காரில் ஏற்றி, இந்த ஆடும் கண்ணாடியைப் பார்க்கவைத்து நாகப்பட்டினம் வரை கூட்டிப்போக வேண்டும் என்று செல்லையனிடம் சொன்னேன். அதன் பிறகு கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, தகட்டுக்குப் பின்னால் கனமான இரும்புப் பட்டை ஒன்றை வைத்து, காலுக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு, போல்ட் நட்டு போட்டு முறுக்கினேன். கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கதவுதான் ஆடியது, கண்ணாடி ஆடவில்லை.

வேகமாகப் போனால்தான் உண்மை தெரியும் என்பதால், அதன் பிறகு செல்லையன் ஓட்ட, நான் வலது சீட்டில் உட்கார்ந்து, கோட்டுச்சேரி சாலையில் போனோம். நான் கண்ணாடியின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வேகம் கூடியும் அது அசையவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போது முன்னால் ஒரு வைக்கோல் வண்டி போனது. பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்தது. செல்லையன் ஹாரன் அடித்தார். உடனே தாண்டவில்லை, கொஞ்சம் காத்திருந்தார். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் காரை வலது பக்கம் ஒடித்துத் தாண்டினார்.

எதிரே மண்டபத்தூர் மாரிக்கண்ணு மீன்கூடையுடன் சைக்கிளில் வந்தார். செல்லையன் பிரேக் போட்டார். காரின் முகப்பு அவர் மேல் படவில்லை. சைக்கிளின் ஹேண்டில்பார் கண்ணாடிக் காலில் மாட்டிக்கொண்டது. காலையில் இருந்த நிலையில் இருந்திருந்தால் அந்தக் கால் பிய்த்துக்கொண்டு போயிருக்கும், அவர் தப்பியிருப்பார். நான் போட்ட போல்ட் விடவில்லை. சைக்கிள் சுழன்று அவர் சாலையில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. ‘மீனு, மீனு’ என்றே கத்தினார். நானும் செல்லையனும் அவரைக் காரில் படுக்கவைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே காவலர் வந்து கேட்டபோது செல்லையன், ‘எம்மேலதாங்க தப்பு. அவசரப்பட்டுட்டேன்’ என்று மட்டும் சொன்னார். வழக்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் நான் பேசவில்லை. பயந்துவிட்டேன். அவரைக் காவலில் வைத்து, லைசென்ஸையும் வாங்கிக்கொண்டார்கள்.

நேற்று செல்லையனின் மனைவி சொர்ணாம்பாள் பட்டறைக்கு வந்தார். ‘பாய், அவரு எதுத்தாப்ல என்ன வருதுன்னு தெரியாம ஒருநாளும் வண்டிய எடுக்கமாட்டாருங்களே. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. என்ன நடந்துச்சு, சொல்லுங்க’ என்றார். நான் ‘பாக்கலாம்மா’ என்று சொல்லி ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் போகும்வரை நிமிரவில்லை. அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

கண்ணாடி சரியாகப் பொருத்தப்படாததால் விபத்து நேர்ந்ததா என்று ஏட்டையா கேட்கிறார். இல்லை. வேலையில் ஒரு குறையும் இல்லை, யார் வேண்டுமானாலும் போல்டைக் கழற்றிப் பார்க்கலாம். ஏட்டையாவோ, பக்கத்துச் சீட்டில் இருப்பவர் சாலையைப் பார்க்கவேண்டும் என்று சட்டம் கிடையாது, ‘இதனால அவரு கேசு போயிடாது பாய், ஒங்க பேரும் சேந்துதான் வரும்’ என்கிறார். வரட்டும், எழுதுங்கள் என்று சொன்னேன். செல்லையனுக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அவரை அவசரக்காரர் என்று கோர்ட்டில் எழுதிவைத்தால் இனி எவரும் அவரிடம் சாவியைக் கொடுக்கமாட்டார்கள். அவர் அவசரப்படவில்லை. என்னை நம்பினார்.

ஏட்டையா இதை எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. செல்லையனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு சொர்ணாம்பாள் வாசலில் வந்து நிற்கிறார். அவரை உள்ளே அழைத்து, இதை இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கும்படியும், படித்து முடியும்வரை நான் அவர் எதிரே நிமிர்ந்து நிற்க அனுமதிக்கும்படியும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) அ. நூகு