அண்ணாச்சி ஆடாத படம்

தூத்துக்குடிக் கிணற்றுத் தண்ணீரில் படம் கழுவக் கூடாது, அய்யா. உப்பு படிந்துவிடும். காய்ந்த பிறகு கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். மாப்பிள்ளை முகத்தில் அம்மை வார்த்த மாதிரி இருக்கும். நான் குடிதண்ணீரில்தான் கழுவுவேன். குடிக்கக் குறைந்தாலும் கழுவக் குறைத்ததில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் வேலையில் சுத்தக்காரன் என்பது முதலில் உங்கள் காதில் விழ வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

ஸ்டேஷன் மேஜைமேல் இரண்டு கண்ணாடி பிளேட்டுகளை வைத்திருக்கிறீர்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், இல்லையென்றால் விரல் ரேகை விழும். இரண்டும் நான் எடுத்த படங்கள். இரண்டிலும் நடுவில் நாற்காலியில் இருப்பவர் கருப்பட்டிக் கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி. பக்கத்தில் நிற்பது அவர் சம்சாரம் வடிவம்மாள். அண்ணாச்சி செத்த விதத்தைக் கேட்கிறீர்கள். சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் அய்யாக்குட்டி. மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன்; பிடிக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டேன். இருட்டு மட்டும் பழகிப்போயிருந்தது. அந்தச் சமயத்தில் கப்பல் கம்பெனித் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பழைய காமிராவை என் தலையில் கட்டினார். தேக்குப் பெட்டி, துருத்தி போல மடியும் தோல், முன்னால் பித்தளைக் குழலில் ஒரு லென்ஸ். என்னைவிட வயதில் மூத்தது. அதில் அழுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, எண்ணி, திரும்ப மாட்ட வேண்டும். வீட்டுக்குள் என்றால் பத்து எண்ண வேண்டும். அதற்குள் எதிரில் இருப்பவர் ஆடினால் படத்தில் புகையாகிவிடுவார். அசையாதது தெளிவாக விழும், அசைந்தது கலங்கும். என் தொழிலின் சட்டம் மொத்தமும் இவ்வளவுதான்.

அண்ணாச்சி ஆடுவார். உட்கார வைத்தால் கால் ஆடும், காலைப் பிடித்தால் தலை ஆடும். கை ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. ஆறு எண்ணும் வரை பொறுத்துக்கொள்வார். ஏழில் வாயைத் திறப்பார்.

"ஏலே, எத்தன வரைக்கும்ல எண்ணுவே? எனக்கு மூக்குப்பொடி போடணும்."

புதுக்கடை திறந்த அன்று எடுத்தேன். சட்டை தெளிவாக இருந்தது. காலருக்கு மேலே ஒரு புகைச்சுருள். இன்னொரு தடவை உட்காருங்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு அந்தப் படமே பிடித்துவிட்டது. சட்டம் போட்டுத் தராசுக்கு மேலே மாட்டினார்.

"இங்கன பாருங்க. இதுல என் மூஞ்சி எங்கன இருக்குன்னு கண்டுபிடிச்சா ஒரு சில்லுக் கருப்பட்டி சும்மா."

வருகிறவர்கள் எல்லாம் தேடினார்கள். செல்லக்கனி என்று ஒரு அம்மாள், பனங்காட்டிலிருந்து சுமை கொண்டுவருகிறவள், அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது ஒங்க தலையா அண்ணாச்சி, அடுப்புப் பொகையா?"

"ஏளா, அத அய்யாக்குட்டிட்ட கேளு. அவன்தான என்னைய வேக வச்சான்."

நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலம். அதற்குப் பிறகு பஜாரில் எனக்குப் புகைமூட்டம் என்று பெயர். அறுபதாம் கல்யாணத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். மாலை மாற்றும்போது தும்மினார். அந்தப் படமும் கடைக்கு வந்தது. இரண்டு சில்லு என்று பரிசை உயர்த்தினார்.

அதற்குள் இனிகோ என்று ஒருவர் மின்சார விளக்கு வைத்து ஸ்டூடியோ திறந்துவிட்டார். ஒன்று சொல்லி முடிப்பதற்குள் படம் எடுத்துவிடுவார். கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கே போயிற்று. எனக்கு மிஞ்சியவை பிணங்கள். நல்ல வாடிக்கைக்காரர்கள். ஆட மாட்டார்கள், தும்ம மாட்டார்கள், மூக்கு பெரிதாக விழுந்துவிட்டது என்று சண்டைக்கு வர மாட்டார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போனவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, குடும்பம் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். அதில் நானாக ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். எடுத்த கையோடு வீட்டுக்குப் போய்ப் பிளேட்டைக் கழுவிப் பார்ப்பேன். திரும்பி வந்து "படம் விழுந்துட்டு, எடுக்கலாம்" என்று நான் சொன்ன பிறகுதான் தூக்குவார்கள். தூக்கிய பிறகு படம் சரியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? இதற்கும் அண்ணாச்சியிடம் ஒரு கேலி இருந்தது. "எமனே கையப் பிடிச்சுக் கூப்பிட்டாலும் அய்யாக்குட்டி விட்டாத்தாம்ல போவ முடியும்" என்பார்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். உலகச் சண்டைக் காலத்தில் பிளேட்டு எங்கேயும் கிடைக்கவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சிதான் கொழும்புக்குப் போன தோணியில் சொல்லிவிட்டு ஒரு பெட்டி வரவழைத்துக் கொடுத்தார். "இந்தா. இதுலயாவது என்னைய நிப்பாட்டு, பாப்போம்" என்றார். இங்கே இருக்கும் இரண்டும் அந்தப் பெட்டியில் உள்ளவைதான்.

அன்று காலை கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசின்மேல் சாய்ந்தார். வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கம்பவுண்டர் விக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார், காதை நெஞ்சில் வைத்துப் பார்த்தார், பிறகு ஒரு கண்ணாடி கேட்டார். சுவரில் காலை வெயில் பட்டுக்கொண்டிருந்த முகக்கண்ணாடியை யாரோ கழற்றிக் கொடுத்தார்கள். மூக்குக்கு நேரே வெகுநேரம் பிடித்தார். கண்ணாடியில் ஆவி படியவில்லை. "முடிஞ்சிட்டு" என்றார்.

நான் தினமும் லென்ஸில் ஊதித்தான் துடைப்பேன். இந்த ஊரில் விடியற்காலையில் மட்டும்தான் மூச்சு கண்ணாடியில் நிற்கும். வெயில் ஏறிக் கண்ணாடி சுட ஆரம்பித்துவிட்டால் மாடு மாதிரி ஊதினாலும் ஒன்றும் படியாது. ஆகவே அந்த முகக்கண்ணாடி சொன்ன சாட்சி என்ன பெறும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் படித்த கம்பவுண்டர். நான் மில்லிலிருந்து ஓடிவந்தவன். அத்தனை பேர் நடுவில் அவருக்குப் பாடம் நடத்துவது மரியாதையில்லை.

வடிவம்மாள் என்னைப் பார்த்ததும் சொன்னார்: "உசிரோட இருக்கையில ஒங்க அண்ணாச்சி ஒரு படத்துலயும் நிக்கல. இன்னைக்காவது மூஞ்சி தெரியுத மாதிரி எடு, அய்யாக்குட்டி. எனக்கு வேற என்ன இருக்கு?"

முதுகை ஒரு வேட்டியால் நாற்காலியோடு கட்டினேன். தலைக்குப் பின்னால் என் இரும்புத் தாங்கியை வைத்தேன். காற்றுக்குச் சன்னல்களை அடைத்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் எடுத்தேன். பத்தும் எண்ணினேன். ஒருவரும் ஏழில் பேசவில்லை.

என் வீடு அடுத்த தெரு. சன்னல் இல்லாத அரங்கு வீட்டுக்குள் அரிக்கேன் விளக்குக்குச் சிவப்புத் தாள் சுற்றி, மருந்துத் தட்டில் பிளேட்டைப் போட்டு ஆட்டினேன். முதலில் வேட்டி வந்தது. நெகட்டிவ் அல்லவா, வெள்ளை கறுப்பாக வரும். பிறகு வடிவம்மாள், மூக்குத்தியோடு. பிறகு அண்ணாச்சியின் முகம். தாங்கி தன் வேலையைச் செய்திருந்தது. தோளில் அரளிப்பூ ஒவ்வொன்றாக எண்ணலாம். நெஞ்சுக்கு வந்ததும் மாலை கலங்கியிருந்தது.

காற்றோ என்று பார்த்தேன். பக்கத்திலேயே வடிவம்மாளின் முந்தானை கத்தி மாதிரி விழுந்திருந்தது. காமிரா ஆடியதோ என்று நாற்காலிக் காலைப் பார்த்தேன். அதுவும் தெளிவு. அந்த வீட்டில் அசைந்தது ஒன்றே ஒன்றுதான்.

அப்போது என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்குமா என்று தோன்றியது.

திரும்பிப் போய், "படம் சரியா விழல. இன்னொண்ணு எடுக்கணும்" என்றேன். பின்னால் நின்ற யாரோ, "செத்துமா ஆடுதாரு அண்ணாச்சி?" என்றார்கள். அழுதுகொண்டிருந்த வீடு ஒரு நொடி சிரித்தது. வடிவம்மாள்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பழைய சிரிப்புதான். பஜாரிலிருந்து வீட்டுக்குள் வந்திருந்தது, அவ்வளவே.

இந்தத் தடவை எல்லாச் சன்னல்களையும் திறக்கச் சொன்னேன். எதிரில் கொடி கட்டி வெள்ளை வேட்டிகளைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை அண்ணாச்சிமேல் திருப்பினேன். பத்து எண்ண வேண்டிய இடத்தில் நான்கு போதும் என்று ஆயிற்று. மாலையைச் சரிசெய்யக் குனிந்தபோது என் மணிக்கட்டில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. அவர் காதில், "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, ஒரே ஒரு படம்" என்றேன். நான் விடைபெறுகிறேன் என்று நினைத்து வடிவம்மாள் ஓவென்று அழுதார்.

பிறகு மூடியில் கையை வைத்துக்கொண்டு மாலையையே பார்த்து நின்றேன். கட்டிப்போட்ட தோணி மாதிரி மெள்ள ஏறியது, மெள்ள இறங்கியது. தெரியாதவர் கண்ணுக்குத் தெரியாது. இறங்கியதற்கும் அடுத்து ஏறுவதற்கும் நடுவில் ஒரு சும்மா இருக்கும் நேரம் உண்டு. அது எவ்வளவு என்று பிடிபடும் வரை காத்திருந்தேன். கூட்டம் பொறுமையாக இருந்தது. மாலை இறங்கியது; மூடியை எடுத்தேன். நான்கு எண்ணினேன். அது ஏறுவதற்குள் மூடிவிட்டேன்.

அந்தப் பிளேட்டைச் சன்னல் பக்கம் தூக்கிப் பாருங்கள். புருவத்தில் நரை தெரியும். மூக்கோரத்துப் பரு தெரியும். மீசையில் பொடிக்கறை தெரியும். இனிகோவின் விளக்கால் இப்படி எடுக்க முடியாது.

சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் கழுவிப் பார்க்காத படத்தை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே வீட்டுக்குப் போனேன். மருந்தில் போட்டேன், படம் நிலைக்க ஹைப்போவில் போட்டேன், குடிதண்ணீரில் நிதானமாகக் கழுவினேன். அவசரப்பட்டால் நாளாவட்டத்தில் பழுப்பேறிவிடும்.

படம் அப்படி வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு யோசித்தேன். இப்போது போய்ச் சொன்னால் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், டாக்டரைக் கூட்டி வருவார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து பொடி கேட்பார். நான்கு நாளில் இந்தப் படமும் தராசுக்கு மேலே ஏறும். "பாத்தியளா, என்னைய நிப்பாட்டுததுக்கு இந்தப் பய என்னையப் பொணமாக்க வேண்டியிருந்துச்சு" என்பார். கடையிலிருக்கும் கருப்பட்டி மொத்தமும் பரிசுக்குக் காணாது. நான் எடுத்த ஒரே நல்ல படம் ஊரின் பெரிய கேலியாகிவிடும். அதோடு, இறந்தவர் என்று எடுத்த படம் அது. அதில் பொய் இருக்கக் கூடாது.

வாசலில் போய் நின்று, "படம் விழுந்துட்டு, எடுக்கலாம்" என்றேன். எடுத்தார்கள். அவர்கள் குடும்பத்தில் எரிப்பதில்லை, அடக்கம்தான். நானும் கூடப் போனேன். தெருமுனை வரை ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். கனமான ஆள்.

காரியம் முடிந்ததும் இரண்டு பிளேட்டையும் வடிவம்மாளிடம் கொடுத்தேன். சரியில்லாததையும் ஏன் கொடுத்தாய் என்று ஏட்டு கேட்டார். கண்ணாடி அண்ணாச்சி வாங்கித் தந்தது. அவர் வீட்டுக்குத்தான் சேர வேண்டும். அடுத்தவர் பொருள் எனக்கு ஆகாது. பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லி அந்த அம்மாள் இனிகோவிடம் கொண்டுபோனார். இனிகோ முதல் பிளேட்டைப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்தார். உயிரோடு நின்றவர்கள் தெளிவாகவும் செத்தவர் நெஞ்சு மட்டும் கலங்கியும் இருந்தால் தொழில் தெரிந்தவனுக்குப் புரியும். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

குழியைத் தோண்டிப் பார்த்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். மாலை கழுத்தில் இல்லை, பிய்ந்து கைப்பிடிக்குள் இருந்தது என்று ஏட்டு சொன்னார். அவர் கை சும்மா இருக்காது என்று முதலிலேயே சொன்னேனே.

எழுதிக்கொள்ளுங்கள். அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தூக்கச் சொன்னேன். கையெழுத்துப் போடுகிறேன். கோர்ட்டுக்குக் கொண்டுபோகும்போது பிளேட்டுகளை வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு, கடையில் தராசுக்கு மேலே இருக்கும் அந்தப் புகைப் படங்களை இறக்கிவிட்டு இதை மாட்டச் சொல்லுங்கள். அண்ணாச்சி மட்டும் உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.