மூக்கு திறந்துக்கிச்சு

அந்த பாட்டில் இல்ல சிஸ்டர், அது என் மூக்குக்கு. கை கழுவ சோப்பு இந்தப் பக்கம் இருக்கு பாருங்க, பச்சை டப்பாவுல. குழாயை முழுசா திறந்துடாதீங்க, சட்டையெல்லாம் நனைச்சு விட்டுரும். வாஷர் போயி ரொம்ப நாளாச்சு, இன்னைக்கு மாத்தறேன் நாளைக்கு மாத்தறேன்னு ஓடுது. துண்டு சுத்தமான துண்டுதான், நீங்க வர்றீங்கன்னு இப்பத்தான் எடுத்து மாட்டினேன்.

உள்ள கொஞ்சம் பொறுத்துப் போகலாமாம்மா? எம் பொண்டாட்டி இப்பத்தான் கண்ணசந்தா. குளுக்கோஸ் ஏத்தறதுன்னா ஊசி குத்தணும்ல, தூக்கத்துல குத்தினா பதறிடுவா. உக்காருங்க. ஐயோ அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. டீ போடட்டுமா? வேணாமா? சரி விடுங்க.

எம் மக போன்ல என்ன சொல்லுச்சு உங்ககிட்ட? அம்மா சாப்பிடறதே இல்லைன்னா? ஒரேயடியா அப்படிச் சொல்ல முடியாது. ரெண்டு வாய் வாங்கிக்குவா. மூணாவது வாய்க்கு உதட்டை இறுக்கி மூடிப்பா. தண்ணியும் அப்படித்தான், நாக்கு நனையற அளவுக்கு. டாக்டர் வந்து பாத்தாரு, ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க, எல்லாம் சரியாத்தான் இருக்காம். மனசுல ஏதோ இருக்குன்னு சொல்லிட்டு அவரு பாட்டுக்குக் கெளம்பிட்டாரு. எப்பலேர்ந்தா? எப்பலேர்ந்துன்னா... இருங்க, சொல்றேன்.

என்ன, அந்த பாட்டிலையே பாக்கறீங்க? நீங்க ஆஸ்பத்திரியில பாக்காததா! அது ஒரு பெரிய கூத்தும்மா. நான் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவன். லாரி, வேன், பள்ளிக்கூட பஸ்சு, எதுன்னாலும் ஸ்ப்ரே கன்னைப் பிடிச்சேன்னா ஒரு சொட்டு வழியாது, கண்ணாடி மாதிரி வரும். அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா ஷெட்டுக்குள்ள காத்துப் போக வழி கெடையாது. மூஞ்சிக்கு ஒரு கர்ச்சீப்பைக் கட்டிக்கிட்டு நாளெல்லாம் பெயின்ட்டுல கலக்கற தின்னரை மோந்துக்கிட்டே நிப்போம். சாயங்காலம் மூக்கைச் சிந்தினா அன்னைக்கு வந்த வண்டி என்ன கலருன்னு தெரிஞ்சுடும். சிரிக்காதீங்க, நெசமாத்தான். நீலம் சிந்துவேன், மஞ்சள் சிந்துவேன்.

அப்படியே கொஞ்சங்கொஞ்சமா வாசனை போயிடுச்சு. எப்ப போச்சுன்னு எனக்கே தெரியாது. ஒருநாள் பால் பொங்கி, தீஞ்சு, பாத்திரம் கரியாயி, நான் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன். வெளியில போயிருந்தவ தெருமுனையிலேர்ந்தே மோப்பம் பிடிச்சு ஓடியாறா. ஏங்க, அந்த மூக்கை எதுக்கு வெச்சிருக்கீங்க, கண்ணாடி மாட்டவான்னு கேட்டா. அதுலேர்ந்து அதே பேச்சுதான். வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லுவா, எங்க வீட்டுக்காரருக்கு மூக்கு கண்ணாடி ஸ்டேண்டுன்னு. வாயின்னா வாய் அப்படி ஒரு வாய் அவளுக்கு. நானும் சிரிச்சுக்குவேன். மூக்கு இல்லாம என்ன கொறைஞ்சு போச்சு நமக்குன்னு இருந்துட்டேன்.

அப்புறந்தான் அவளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. குளிக்கப் போனவ விழுந்துட்டா. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனா வாய் அடங்கல, அது ஒண்ணுதான் மிச்சம். மத்ததெல்லாம் படுக்கையிலதான். எம் மக ஒரு பொம்பளையை ஏற்பாடு பண்ணுச்சு, கூட இருந்து பாத்துக்க. நல்ல பொம்பளைதான், குத்தம் சொல்லக்கூடாது. ஆனா உள்ள போகும்போது ரெண்டு துணியை மடிச்சு மூக்குல கட்டிக்கிட்டுத்தான் போகும். வெளிய வந்து கழட்டி ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, வீதிக்கே கேக்கும். இவ ஒருநாள் அழுதுட்டா. எனக்குப் பொறுக்கல. நீங்க கெளம்புங்கம்மான்னு சொல்லிட்டு ஷெட்டுக்கும் முழுக்குப் போட்டுட்டு நானே இறங்கிட்டேன்.

எல்லாம் நான்தான். பெட் பேன் வைக்கிறது, தொடைக்கிறது, துணி மாத்துறது, முதுகுல புண்ணு வந்துச்சே, அதுக்கு மருந்து வைக்கிறது. முகம் சுளிச்சதில்ல சிஸ்டர். ஒரு நாள்கூட. அதுக்கு எனக்குக் கெடைச்ச பேரு இருக்கே! எதுத்த வீட்டம்மா அவங்க வீட்டுக்காரரைக் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து காட்டுச்சு, பாருங்க, மனுஷன்னா இவரு மனுஷன்னு. என் மச்சான், அவளோட அண்ணன், என்னை ஒரு ஆளா மதிச்சதே கெடையாது, பெயின்ட்டுக்காரன் பெயின்ட்டுக்காரன்னு. அவரே என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு, என் தங்கச்சி குடுத்து வெச்சவன்னு. நானும் என்னமோ பெரிய தியாகி மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பேன். எனக்கு மூக்கே வேலை செய்யாது மச்சான்னு ஒரு வார்த்தை சொல்லலையே நான். சொல்லணும்னு தோணவும் இல்ல. நல்ல பேரு வந்தா யாருக்குத்தான் கசக்கும்?

அவளுக்குத் தெரியும். தெரியாமயா? துணி மாத்தும்போது சொல்லுவா, ஏங்க, உங்க மூக்கு செத்ததுதாங்க நான் பண்ண புண்ணியம்னு. சொல்லிட்டு அந்த ஒரு பக்க வாயால சிரிப்பா. மத்தவங்க முன்னாடி கூசிக் குறுகறவ என்கிட்ட மட்டும் கூசமாட்டா. நான் அதையும் என் பெருமையில சேத்துக்கிட்டேன். புருஷன்ங்கிற உரிமைன்னு.

பாட்டிலா? அதுக்குத்தானே வர்றேன். நடுவுல எனக்குத் தலைவலி. நெத்தி, கண்ணுக்குக் கீழ எல்லாம் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. மூக்கு டாக்டர் பாத்துட்டு, உள்ள முழுக்க அடைச்சுக் கெடக்குன்னு மருந்து குடுத்து, உப்புத் தண்ணி விட்டுக் கழுவச் சொன்னாரு. தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வெச்சுத்தான் விடணும், குழாய்த் தண்ணியை அப்படியே விட்றக் கூடாதுன்னு அடிச்சுச் சொன்னாரு. அதுல உப்பும் துளி சோடா மாவும். பேசின்ல குனிஞ்சு, தலையை ஒருக்களிச்சு, வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு, ஒரு ஓட்டையில அந்த பாட்டிலை வெச்சு அமுக்கினா இன்னொரு ஓட்டையில வரணுமாம். வந்துச்சா எனக்கு? காதுக்குள்ள போச்சு, தொண்டைக்குள்ள போச்சு, கண்ணுலகூட வந்துச்சுன்னு நெனைக்கிறேன். நான் இருமற இருமல்ல உள்ள படுத்திருக்கவ கேக்கறா, என்னங்க, குழாய் ரிப்பேரான்னு. மூச்சைப் பிடிக்காதீங்க, வாயால விடுங்கன்னு படுத்த இடத்துலேர்ந்தே சொல்லிக்குடுக்கறா. தண்ணியைக் கொதிக்க வெச்சீங்களான்னு தெனம் கேப்பா. எப்படியாச்சும் எனக்கு மூக்கு வந்துடணும்னு என்னைவிட அவதான் குறியா இருந்தா. பேத்தி தலையை ஒருதரம் மோந்து பாருங்க, அதைவிட ஒண்ணு உண்டான்னு கேப்பா.

பழகிடுச்சு. ஒருபக்கம் விட்டா மறுபக்கம் சரசரன்னு கொட்டும். உள்ளேர்ந்து என்னென்னமோ வந்துச்சு, சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க. நீங்க நர்சு, சாப்பிடுவீங்க, சரி. தலைவலி விட்டுச்சு.

அப்புறம் ஒருநாள் காலையில கழுவிட்டு நிமிந்தேன். சோப்பு. அந்தப் பச்சை டப்பா சோப்பு, அதோட வாசனை சிஸ்டர். நான் ஆடிப் போயிட்டேன். கையை மோந்து பாத்தேன், துண்டை மோந்து பாத்தேன். அடுப்படிக்கு ஓடி டீத்தூள் டப்பாவுக்குள்ள மூஞ்சியை விட்டேன். சின்னப் புள்ளை கெட்டுது போங்க. உடனே அவகிட்ட சொல்லணும். வேற யாருகிட்ட சொல்லுவேன்? வந்துடுச்சுடி, வந்துடுச்சுன்னு கத்திக்கிட்டே ஓடி அந்தக் கதவைத் திறந்தேன்.

ம். கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

நான் அந்த ரூமை சுத்தமா வெச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்மா. பெயின்ட்டுக்காரன் கண்ணு, ஒரு தூசி இருக்காது. தரை பளபளன்னு இருக்கும். ஆனா கண்ணால பாத்துத்தானே தொடைச்சேன்? மெத்தைக்கு மேல ரப்பர் ஷீட்டை மாத்துவேன், அடியில ஊறிப் போயிக் கெடந்தது தெரியலையே. கட்டிலுக்கு அடியில, சுவத்தோரம் பலகையில, எங்கெங்க என்ன ஒழுகியிருக்குன்னு எனக்கென்ன தெரியும்? கதவைத் திறந்ததும் அடிச்சுது பாருங்க. என் மூஞ்சி என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். என்னையே பாத்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, சொல்லுங்க சொல்லுங்கன்னு கையை நீட்டிக்கிட்டு இருந்தா. நான் அப்படியே திரும்பி ஓடியாந்து இந்த பேசின்லதான் வாந்தி எடுத்தேன்.

வாயை அலம்பிட்டுப் போயி, உப்புத் தண்ணி தொண்டைக்குள்ள போயிடுச்சுன்னேன். நான் மூக்கு கழுவுற சத்தத்தை தெனம் கேக்கறவ. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதா அவளுக்கு? அப்படியா, பாத்துச் செய்யுங்கன்னு மட்டும் சொன்னா. குழாய் ரிப்பேரான்னு கேக்கல. மூஞ்சியை சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா.

பாருங்க, எனக்கு அப்பத்தான் உறைச்சுது. என் மூக்குதான் செத்துச்சு. அவ மூக்கு நல்லாத்தானே இருந்துச்சு? இவ்வளவு காலமா அதுக்குள்ளதானே படுத்துக் கெடந்திருக்கா? ஏங்க, மெத்தை நாறுதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே அவ. நான் ஓடியோடிச் செய்யறேன், இதையும் சொல்லி எதுக்கு மனசு நோக வைக்கணும்னு இருந்திருக்கா. ஊரு என்னை மனுஷன்னு சொல்லுது. தூ.

எல்லாத்தையும் மாத்திட்டேன் சிஸ்டர். புது மெத்தை, சுவத்துக்கு நானே பெயின்ட் அடிச்சேன், பலகையைத் தூக்கி எறிஞ்சேன். நல்லதுன்னு நெனச்சு செஞ்சேன். அவ ஒவ்வொண்ணையும் பாத்துக்கிட்டே இருந்தா. துணி மாத்தும்போது என்னை அறியாம மூச்சைப் பிடிச்சுக்குவேன், அதையும் பாத்தா. சரின்னு மூக்குக்கடியில தைலத்தைத் தடவிக்கிட்டுப் போனேன். அவளுக்குத்தான் மோப்பம் உண்டே. தலைவலியாங்கன்னு கேட்டா. ஆமான்னேன். என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதுக்கு அவ நாலு அறை விட்டிருக்கலாம்.

அன்னைக்கு ராத்திரியிலேர்ந்துதான் பசிக்கலன்னு சொல்றா.

நீங்க கேட்டீங்களே எப்பலேர்ந்துன்னு. இதுதான். டாக்டர்கிட்ட நான் சொல்லல. மககிட்டயும் சொல்லல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்ல? வியாதி ஒண்ணும் இல்லம்மா. உள்ள போனாத்தானே வெளிய வரும். அதனால உள்ள அனுப்ப மாட்டேங்கறா. ஒரு நாளைக்கு ஒரு துணிகூட இப்ப நனையறதில்ல. எனக்கு வேலை கொறைஞ்சு போச்சு, பாத்துக்கங்க.

பழகிடும் சிஸ்டர், எனக்குப் பழகிடும். இப்பவே பாதி பழகிடுச்சு. நாத்தம் என்னய்யா நாத்தம், அவ என் பொண்டாட்டி. அவகிட்ட அதைச் சொன்னா காதுல வாங்கினாத்தானே? கழுவறதை நிறுத்திட்டேன். மறுபடி அடைச்சுக்கட்டும்னு பழைய ஷெட்டுக்குப் போயி தின்னர் டப்பாவுக்குப் பக்கத்துல உக்காந்துகூடப் பாத்தேன். அடைக்க மாட்டேங்குது, சனியன், அப்படித் திறந்துக்கிச்சு.

அவ தூங்கல சிஸ்டர். சும்மா சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டுக் கெடக்கா. கதவைச் சாத்தியே வைங்கன்னு சொன்னதும் அவதான். நீங்க இப்ப உள்ள போவீங்கல்ல, ஊசி போடறதுக்கு முன்னாடி எனக்காக ஒண்ணு சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் மூக்கை டார்ச் அடிச்சுப் பாத்தேன், பழையபடி அடைச்சுக்கிச்சு, இனிமே எந்த வாசனையும் வராதுன்னு சொல்லிடுங்க. இந்த வெள்ளை டிரெஸ்ஸோட நீங்க சொன்னா நம்புவா.

நானா? நான் வரல, இங்கயே நிக்கறேன். நான் பக்கத்துல நின்னா என் மூஞ்சியைப் பாப்பா.