இரவல் பாட்டில்

மரியசூசை: ...என் தூக்குப்போசிய நீ எடுத்துக்க, உன் தூக்குப்போசிய எனக்குக் குடு. இதுல என்னடா யோசன?

பச்சியப்பன்: யோசன வராம? என் செங்கச்சூளைப் பக்கமே எட்டிப் பாக்காதவன் உச்சி வெயில்ல நடந்து வந்து, சோத்த மாத்திக்கலாங்கற. உன் போசியில என்ன இருக்குது?

மரியசூசை: சப்பாத்தி.

பச்சியப்பன்: தொட்டுக்க?

மரியசூசை: பாவக்கா...

பச்சியப்பன்: என் போசியில என்ன இருக்குதுன்னு தெரியுமா?

மரியசூசை: தெரியும். வாசன ரோட்டுக்கே வந்துடுச்சு.

பச்சியப்பன்: ஒகேனக்கல் மீனுடா. மருமவன் நேத்து பஸ்ஸுல கொண்டாந்தான். நெல்லுச்சோறு, மீன் கொழம்பு, ஓரத்துல ரெண்டு வறுவல். இத உங்கிட்ட குடுத்துட்டு நான் பாவக்கா திங்கணுமா? எந்த ஊரு நாயம் இது?

மரியசூசை: உன் ஒடம்புக்குத்தாண்டா சொல்றன்.

பச்சியப்பன்: என் ஒடம்புக்கு என்ன?

மரியசூசை: ஒண்ணுமில்ல... வயசாவுதில்ல.

பச்சியப்பன்: உனக்கு ஆவலியா? ஒரே பெஞ்சுல ஒக்காந்து ஒரே வருசம் பெயிலானவங்க நாம. இரு... சின்னம்மா வர்றா. உன் பக்கத்து வூட்டுக்காரின்னு பேரு, என் சூளையில கல்லு அறுக்கற நேரத்த விட உன் வூட்ட எட்டிப் பாக்கற நேரந்தான் ஜாஸ்தி. வாய மூடிக்க.

சின்னம்மாள்: மூடிக்கிட்டா மட்டும் தெரியாமப் போயிடுங்களாண்ணா? சூசண்ணனுக்குச் சக்கர வியாதி! எங்க தெருவுக்கே தெரியும். அவரு வூட்டுல ராஜமேரி அக்கா சோத்துப்பானைய கவுத்துட்டு சப்பாத்திக் கல்ல ஏத்திட்டாங்க. காப்பிக்குச் சக்கரயும் இல்ல, வெல்லமும் இல்ல. நேத்து சாயங்காலம் அண்ணன் அடுப்படியில ஒக்காந்து அழுதாருங்க.

மரியசூசை: வெங்காயம் அரிஞ்சன் தாயி.

சின்னம்மாள்: வெங்காயம் அரியறப்ப "என் மைசூர்பாவே... என் ராசாத்தியே..."ன்னா அழுவாங்க?

பச்சியப்பன்: சக்கரன்னு யாரு சொன்னது?

சின்னம்மாள்: மடத்து ஆஸ்பத்திரி சிஸ்டருங்க. நாப்பது தாண்டுனவங்க எல்லாரும் விடியக்காலம் ஒண்ணுக்குப் புடிச்சாந்து குடுக்கணும்னு சொல்லி, பேரு ஒட்டி ஆளுக்கொரு பாட்டில் குடுத்தாங்க. அத கொழாயில ஊத்தி, நீல மருந்து சேத்து, வெளக்குல காச்சறாங்க. நீலமாவே இருந்தா வூட்டுக்குப் போயிடலாம். சூசண்ணனுக்கு என்ன கலரு வந்துச்சுங்கறீங்க? செங்கல் கலரு!

பச்சியப்பன்: செங்கல் கலரா? அப்ப நல்லாத்தானே வெந்திருக்குது!

மரியசூசை: சேசுவே...

பச்சியப்பன்: பின்ன? பச்சையா இருந்தாத்தானே கெட்டுது. பச்சக்கல்லு ஒரு மழைக்குத் தாங்குமா? கரைஞ்சு சேறாயிடும். செவந்து வந்தா தட்டிப் பாக்காமலே வெல சொல்லலாம்.

மரியசூசை: டேய், உன் சூளை கணக்கு அங்க ஆவாது. அங்க எல்லாமே தலகீழு. வேவாம நீலமாவே இருந்தா தப்பிச்சம். செவந்தா போச்சு.

பச்சியப்பன்: என்னா ஆஸ்பத்திரியோ! வெந்தத வேவலங்கறாங்க.

சின்னம்மாள்: சிரிக்காதீங்கண்ணா. சிஸ்டரு என்னென்ன அடையாளம் சொன்னாங்க தெரியுமா? தண்ணி தவிச்சுக்கிட்டே இருக்குமாம். கால்ல பட்டா சட்டுனு ஆறாதாம். ஒடம்பு எளைக்குமாம். நான் ஊருல ஒவ்வொருத்தரா பாத்துக்கிட்டே வர்றன்.

பச்சியப்பன்: உனக்கு வேற வேலயில்ல. போய் கல்ல பாரு.

சின்னம்மாள்: கல்லு எங்கியும் ஓடாது. அண்ணா... உங்க கால் வெரல்ல கட்டு போட்டிருக்கீங்களே, அது பொங்கலப்ப பட்டதில்லீங்க?

பச்சியப்பன்: சூளைக்காரன் கால்னா அப்பிடித்தான் இருக்கும்.

சின்னம்மாள்: காலையில ரொப்புன தண்ணிப்பானைங்க இது. இப்ப கவுத்தாலும் சொட்டு வர்ல. ஆளுங்க யாரும் இன்னும் வாய் நனைக்கல.

பச்சியப்பன்: ஓட்டப் பானை!

சின்னம்மாள்: ஓட்டப் பானைன்னா கீழ ஈரமிருக்கணுமே?

மரியசூசை: தாயி... நீ ஒரு நட கெணத்துக்குப் போயி ஒரு கொடம் கொண்டாயேன். எனக்கும் தொண்ட காயுது.

சின்னம்மாள்: நான் அந்தாண்ட போனதும் ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசப்போறீங்க. பேசுங்க. சத்தமாப் பேசுங்க, கெணறு தூரம். இந்தாங்க, கச்சாயம் வச்சிருக்கறன், பச்சியண்ணா, நீங்க மட்டும் தின்னுங்க. சூசண்ணா, கைய வச்சீங்க... அக்காகிட்ட சொல்லிடுவன்.

பச்சியப்பன்: போயிட்டாளா?

மரியசூசை: திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போறா. டேய், அதத் தொடாத!

பச்சியப்பன்: கச்சாயம்டா. வெல்லம் போட்டது. எனக்குத்தான வச்சிட்டுப் போனா?

மரியசூசை: தொடாதங்கறன். இங்க குடு... ம்ம்... அம்மா... என்னா ருசி...

பச்சியப்பன்: அடப்பாவி! சக்கர வியாதிய வச்சிக்கிட்டு முழுசா முழுங்கற? துப்பு! துப்புடா!

மரியசூசை: எனக்கில்லடா சக்கர!

பச்சியப்பன்: உனக்கில்லியா? உனக்கில்லன்னா, சிஸ்டரு காச்சுனது யாருது?

மரியசூசை: பச்சி... அன்னைக்கு விடியக்காலம் உன் வூட்டுக்கு ஒரு பாட்டிலோட வந்தனில்ல?

பச்சியப்பன்: வந்த. மாட்டுக்குக் கண்ணுல பூ விழுந்திருக்குது, கல்லு சொமக்கற ஆம்பளயோடது வேணும்னு வைத்தியரு கேட்டாருன்ன. நானும் புடிச்சுக் குடுத்தன்.

மரியசூசை: மாட்டுக்கில்லடா.

பச்சியப்பன்: பின்ன?

மரியசூசை: அந்தப் பாட்டில்லதான் என் பேரு ஒட்டியிருந்துச்சு. நேரா கொண்டு போயி சிஸ்டருகிட்ட குடுத்துட்டன்.

பச்சியப்பன்: அப்ப அந்தச் செங்கலு...

மரியசூசை: உன் சூளையில வெந்ததுடா. உன்னுது. என்னத் திட்டு. அந்த மம்பட்டிய வேணா எடு.

பச்சியப்பன்: உன்னுத ஏண்டா குடுக்கல?

மரியசூசை: பயம். நம்ம தீர்த்தகிரி பாலக்கோட்டுல சைக்கிள் கட வச்சிருந்தானே... கால் கட்ட வெரல்ல சின்னப் புண்ணுன்னுதான் ஆரம்பிச்சுது. கடைசியில முட்டி வரைக்கும் எடுத்தாங்க. அவன போயிப் பாத்துட்டு வந்த நாளுலேர்ந்து எனக்கு அரிச்சா பயம், கொட்டாவி வந்தா பயம். சோதிச்சா இருக்குதுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்.

பச்சியப்பன்: சோதிக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா?

மரியசூசை: ராஜமேரி வுடமாட்டா. பாட்டில கையில குடுத்து வாசல்லயே நிக்கறா. எனக்கு உன் ஞாபகந்தான் வந்துச்சு. இத்தன வருசம் மண்ணு மிதிச்ச ஒடம்பு, இரும்பாட்டம் இருக்கறான், இவனுது நீலமாத்தான் இருக்கும், சிஸ்டரு சிரிச்சிக்கிட்டே அனுப்பிடுவாங்கன்னு கணக்குப் போட்டன். அங்க வெளக்குல கொழாயக் காட்டறாங்க... நீலம் பச்சையாவுது, பச்ச மஞ்சளாவுது, அப்பிடியே செவந்துக்கிட்டு வருது. ராஜமேரி எம்மேல சாஞ்சு அழுவறா. எனக்கு உன் மூஞ்சி தெரியுதுடா.

பச்சியப்பன்: அப்பவே சொல்லியிருக்கலாமில்ல.

மரியசூசை: எப்பிடிச் சொல்றது? இரவல் பாட்டில்னு சொன்னா சிஸ்டரு என்ன நெனப்பாங்க? ராஜமேரி வூட்டுக்குள்ள சேப்பாளா? சொல்லாமலே இருந்துடலாம்னுதான் பாத்தன். ஆனா ஒவ்வொரு வாய் பாவக்காயா முழுங்கறப்பயும், இத நான் தின்னா அவன் ஒடம்புல எப்பிடிச் சேரும்னு தோணுது. அங்க நான் பத்தியம் இருக்கறன், இங்க நீ வறுவல் திங்கற. அதான் போசியயாவது மாத்தலாம்னு...

பச்சியப்பன்: தெனமும் போசி மாத்துவியா? என் ஆயுசுக்கும்?

மரியசூசை: மீனுன்னா மாத்துவன்.

பச்சியப்பன்: சீ, நாயே.

மரியசூசை: சிரிச்சிட்டியா? அப்பாடா. டேய், அந்தக் கட்ட அவுழு, நான் பாக்கறன். ...பொங்கலப்ப பட்டதா இது? ஓரமெல்லாம் கறுத்திருக்குதே. ஏண்டா, நொண்டாம நடந்து காமிச்சு யார ஏமாத்தற?

பச்சியப்பன்: வலிக்கல. வலிச்சாத்தான காட்டறதுக்கு?

மரியசூசை: தீர்த்தகிரியும் இதத்தாண்டா சொன்னான். எந்திரி. நாளைக்கு விடிஞ்சதும் ரெண்டு பேரும் சிஸ்டருகிட்ட போறம். நடந்ததச் சொல்லி நான் வாங்கற திட்ட வாங்கிக்கறன். தர்மபுரி பெரியாஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாக்கணும்னாங்க. அதுக்கும் நான் கூட வர்றன்.

பச்சியப்பன்: நீயும் பாட்டில் கொண்டாரணும். உன் பேர்ல உன்னுது.

மரியசூசை: எனக்கும் செவந்துட்டா?

பச்சியப்பன்: செவந்தா ஒரே போசியில பாவக்கா. மாத்தற வேல மிச்சம்.

மரியசூசை: ம்... இந்தா, அந்த மீன மூடி வையி. நானும் திங்கல. சின்னம்மா கொடத்தோட ஓடியாறா, பாதித் தண்ணி வழியிலயே சிந்திட்டா.

பச்சியப்பன்: அவகிட்ட என்ன சொல்றது?

மரியசூசை: அவளுக்கு நாம சொல்லவா வேணும்? அது கெடக்குது. பச்சி, ஒண்ணு கேக்கறன். பொய் சொல்லி வாங்குனன், உன் வியாதிய என் பேர்ல எழுதிக்கிட்டன், தெரிஞ்சும் இத்தன நாளு மறைச்சன். உனக்குக் கொஞ்சங்கூட கோவம் வர்லியே, எப்பிடிடா?

பச்சியப்பன்: கோவம் எங்கிருந்துடா வரும்? எந்த மாட்டுக்குக் கண்ணுல பூ? உன் மாட்ட நானும் நீயுந்தான மாரண்டள்ளி சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போயி வித்துட்டு வந்தம்? பாட்டில் எதுக்குன்னும் தெரியும், உங்க சாமியாரு மைக்குல சொன்னது சூளை வரைக்கும் கேட்டுது. மாசிலேர்ந்து நான் வேலியோரம் ஒதுங்கற எடத்துலல்லாம் எறும்பு சாரசாரயா மொய்க்குது... பொண்டாட்டி கண்ணுல படாம மண்ணத் தள்ளித் தள்ளி மூடிட்டு வந்தன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டு, பயந்துக்கிட்டு அப்பிடியே திரும்புனது எத்தன தடவ! நீ பாட்டிலோட வந்து நின்ன பாரு... இவன் பேர்லயே போயிட்டு வரட்டும், என்ன வந்தாலும் எங்கிட்ட சொல்லாம இவனால இருக்க முடியாதுன்னுதாண்டா, வழிய வழிய புடிச்சுக் குடுத்தன்.