வெள்ளகோவிலில் நட்ட குடும்பம்

பாலகோபால்: மச்சம் கூடவா...?

மதிவதனி: மச்சம் கூடத்தானுங்க சார். எடது கன்னத்துல. அந்த வெளம்பர போர்டுல பனமரமாட்டம் நான் நிக்கறேன், இடுப்புல ஒரு கொழந்தை. பக்கத்துல புருசன்னு சொல்லி நம்ம ஹெல்த் ஆபீஸ் வேன் டிரைவர், இதோ நிக்கறாரே, இந்தத் தமிழ்ச்செல்வன்!

தமிழ்ச்செல்வன்: நான் கேட்டா நின்னேன்? சார்தானுங்க, 'மீசைய ஒதுக்கிட்டு வாய்யா, போட்டோ எடுக்கணும்'னு...

பாலகோபால்: அது பெயிண்டர் பார்த்து வரையறதுக்கய்யா! சிறு குடும்ப விளம்பரத்துக்கு வெளியாளையா கூட்டிட்டு வர முடியும்? எப்பவும் ஆபீஸ்ல இருக்கறவங்களை நிக்க வச்சுத்தானே எடுக்கறோம்? குழந்தை கூட நம்ம ஆபீஸ் ஆயா பங்காரம்மா பேத்தி. போன வருஷம் மலேரியா போர்டுக்கு நானே போர்வையைப் போர்த்திட்டுப் படுத்தேன். ஒருத்தனுக்கு அடையாளம் தெரிஞ்சுதா?

மதிவதனி: அப்ப உங்களுக்கு யாராச்சும் பொண்ணு பாத்துட்டு இருந்தாங்களாங்க சார்?

பாலகோபால்: கத்தாதேம்மா. வெளியே பெஞ்சில உங்கப்பா உட்கார்ந்திருக்கார்.

மதிவதனி: கேக்கட்டுமுங்க. காத்தால மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்து வெத்தல பாக்கத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. 'உங்க புள்ள ஏற்கனவே குடும்பம் நடத்துதுங்களாமா. அதும் எங்க சைக்கிள் கடைக்கு எதுத்தாப்புலயே நின்னு நடத்துதுங்க'ன்னு...

பாலகோபால்: அங்கதான் எனக்குக் குழம்புது. போர்டை நடச் சொன்னது சூலூர்ல. சைக்கிள் கடை எங்கே?

தமிழ்ச்செல்வன்: வெள்ளகோவிலுங்க.

பாலகோபால்: வெள்ளகோவில் நம்ம மாவட்டமே இல்லையேய்யா! ஈரோட்டுக்காரங்க எல்லை. கோயமுத்தூர் போர்டு அங்கே போய் எப்படி நிக்குது?

தமிழ்ச்செல்வன்: சூலூர்ல குழி தோண்டுனா... பாறையுங்க.

பாலகோபால்: பாறைன்னா பத்தடி தள்ளித் தோண்டறது! ரெண்டு தாலுகா தள்ளியா தோண்டுவாங்க?

தமிழ்ச்செல்வன்: பல்லடத்துல பாத்தனுங்க, தோதுப்படல. காங்கயத்துல பாத்தேன், கரண்டுக் கம்பம் மறைச்சுது... அப்படியே வண்டி போயிட்டே இருந்துதுங்க.

பாலகோபால்: வண்டி போயிட்டே இருந்துதா! நீ உள்ளே தூங்கிட்டு இருந்தியா?

மதிவதனி: சார், அவர வையறத அப்பறம் வெச்சுக்குங்க. எம்பட பிரச்சனை...

பாலகோபால்: இரும்மா. இன்னொண்ணு. பெயிண்டர் அப்துல் வஹீது எந்தப் போட்டோவைக் குடுத்தாலும் சினிமாக்காரி மூஞ்சிதானே போடுவார்? பங்காரம்மா படத்தைக் குடுத்தோம், ராணி மாதிரி வரைஞ்சுட்டு வந்தார். இந்த ஒரு போர்டுல மட்டும் எப்படி மச்சம் வரைக்கும் அச்சு அசலா...?

மதிவதனி: அத... அவருகிட்டத்தான் கேக்கோணும்.

பாலகோபால்: கேட்டேன். சிரிக்கறார்.

மதிவதனி: அவரு எப்பவும் சிரிக்கறவருதானுங்க.

பாலகோபால்: சரி விடு. ஒரு வழி இருக்கு. வஹீது பாயைக் கூட்டிட்டுப் போய் உனக்கு ஒரு மூக்குக் கண்ணாடி, இவனுக்கு ஒரு தாடி போடச் சொல்றேன். ஆள் மாறிடும்.

மதிவதனி: வேண்டாமுங்க.

பாலகோபால்: வேண்டாமா?

மதிவதனி: புருசனுக்குத் தாடி வளந்துருச்சும்பாங்க.

பாலகோபால்: அப்போ மொத்தமா வெள்ளையடிச்சுடலாம்.

மதிவதனி: சர்க்கார் சொத்துங்க சார். நம்ம பாட்டுக்கு அழிக்கப்படாது.

பாலகோபால்: ஏம்மா, நீ போர்டை வச்சதுக்குக் கோவிச்சுக்கறியா, அழிக்கறேன்னதுக்குக் கோவிச்சுக்கறியா?

மதிவதனி: எனக்கு எல்லாத்து மேலயும் கோவமுங்க.

தமிழ்ச்செல்வன்: அது ஆபீஸுக்கே தெரியுமுங்க மேடம்.

மதிவதனி: நீங்க சும்மா இருங்க!

பாலகோபால்: கடைசி முடிவு. நானே வெள்ளகோவில் போறேன். மாப்பிள்ளை வீட்டுல உட்கார்ந்து, இது விளம்பரம், வேற ஒண்ணுமில்லைன்னு எடுத்துச் சொல்றேன். உங்கப்பாவும் கையைப் பிடிச்சுட்டு அதைத்தான் கேட்டார். கல்யாணம் ஆனா நீ வேலையை விடணும்னு சொல்லியிருக்காங்களாமே? இன்னைக்கே ரிலீவ் பண்றேன்னு சொன்னா அவங்களுக்கும் சந்தோஷமா...

மதிவதனி: யாரக் கேட்டு ரிலீவ் பண்ணுவீங்க?

பாலகோபால்: உன் நல்லதுக்குத்தாம்மா...

மதிவதனி: எங்கூட்டுல மொதமொதல்ல காலேஜ் வாசப்படி ஏறுனது நானுங்க. எங்கம்மா ஊராங் காட்டுல களையெடுத்துப் படிக்க வெச்சுது. வேன்ல மைக்கப் புடிச்சுட்டு, 'எப்ப பெத்துக்கறது, எத்தன பெத்துக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க அம்மணி'ன்னு ஊரூராச் சொல்றேன். சொல்ற நான் வேலைக்குப் போலாமா வேண்டாமான்னு மட்டும் சைக்கிள் கடைக்காரரு முடிவு பண்ணுவாரு, எங்கப்பன் தலையாட்டுவாரு, நீங்க ரிலீவ் பண்ணுவீங்க. எங்கிட்ட யாருங்க கேட்டீங்க?

பாலகோபால்: எனக்குப் புரியலை... கல்யாணம் நின்னு போச்சுன்னு கத்திட்டே உள்ளே வந்தே. நடத்தி வைக்கறேன்னா அதுக்கும் கத்தறே. உங்கப்பாவுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேம்மா. தமிழ்ச்செல்வா, வண்டியை எடு. நீயும் உள்ளே வந்து, 'எனக்கும் இந்தப் பொண்ணுக்கும் ஒண்ணுமில்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு.

தமிழ்ச்செல்வன்: நானுங்களா சார்?

பாலகோபால்: வேற யாரு? கிளம்பு.

தமிழ்ச்செல்வன்: வண்டியில... டீசல் இல்லீங்க சார்.

பாலகோபால்: காலையிலதானே போட்டே?

தமிழ்ச்செல்வன்: ஆமாங்க. இருந்தாலும்...

மதிவதனி: சார், போன் அடிக்குதுங்க.

பாலகோபால்: இரு... ஹலோ. ஆமா, பாலகோபால்தான்... ஈரோடு கலெக்டர் ஆபீஸா? ஐயோ, சார், அந்த போர்டு தெரியாம உங்க எல்லைக்குள்ள... இன்னைக்கே பிடுங்கி... என்னது? பிடுங்க வேண்டாமா?... நல்லா இருக்கா?... அதே முகமா?... ஆறு ஊருக்கா!... சரிங்க சார். சரிங்க... வச்சுட்டாங்க.

மதிவதனி: என்னங்க சார்?

பாலகோபால்: கலெக்டர் நேத்து அந்த வழியாப் போனாராம். இப்பத்தான் ஒரு போர்டுல நிஜமான குடும்பத்தைப் பார்க்கறேன்னாராம். அதே புருஷன், அதே பொண்டாட்டி, இன்னும் ஆறு ஊர்ல வைக்கணுமாம். இனிமே நான் வெள்ளகோவில் போய் என்னத்தைச் சொல்ல? வெளியே உட்கார்ந்திருக்கற மனுஷனுக்கு என்ன பதில் சொல்ல? காலையில இருந்து ஒரு டீ கூடக் குடிக்கலை அவர்... இருங்க வர்றேன். எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை.

தமிழ்ச்செல்வன்: ...போயிட்டாருங்களா?

மதிவதனி: அப்பாவக் கூட்டிட்டு டீக்கடைப் பக்கம் போறாரு. மெதுவாப் பேசுங்க.

தமிழ்ச்செல்வன்: உங்கப்பா மொகத்தப் பாத்தாத்தானுங்க சங்கட்டமா இருக்குது.

மதிவதனி: எனக்கில்லீங்களா? ஊட்டுக்குப் போயி நானே பேசிக்கறேன். திட்டட்டும். ரெண்டு நாளைக்குப் பேசாம இருக்கட்டும்.

தமிழ்ச்செல்வன்: ஏனுங்க மேடம்... அந்த மச்சம்?

மதிவதனி: நாந்தான் பாய் கடைக்குப் போயி நின்னேன். 'மூஞ்சிய மாத்திப்போடாதீங்க பாய், என்னயப் பாத்தே வரைங்க'ன்னேன். மச்சத்துக்கு மட்டும் ரெண்டு தடவ தொட்டாரு. சூலூர் ரோட்டுல பஸ்ல போற சொந்தக்காரன் எவனாச்சும் பாத்துப்போட்டு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காதுல போடுவான்னு ஒரு நப்பாசை.

தமிழ்ச்செல்வன்: அடேங்கப்பா! அப்ப நானும் ஒண்ணு சொல்லிப்போடறேன். கோவிச்சுக்கப்படாது.

மதிவதனி: சொல்லுங்க.

தமிழ்ச்செல்வன்: சூலூர்ல பாறையே இல்லீங்க. வேலைய உடச் சொல்றாங்கன்னு அன்னைக்கு நீங்க அழுதத என்னால பாக்க முடியல. யாருகிட்டயுஞ் சொல்லல. நானாவே ரோசன பண்ணி, நேராக் கொண்டுபோயி அந்தச் சைக்கிள் கடைக்கு எதுத்தாப்புல நட்டுப்போட்டு வந்துட்டேன்.

மதிவதனி: நீங்களாவே ரோசன பண்ணி?

தமிழ்ச்செல்வன்: பின்ன? வேற யாரு சொல்லுவாங்க?

மதிவதனி: ஏனுங்க தமிழு... போர்ட வேன்ல ஏத்துன அன்னைக்கு, அந்தச் சைக்கிள் கடை வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டுல இருந்து எந்தக் கைப்பக்கம்னு, நீங்க கேக்காமயே மூணு வாட்டி சொன்னனே... அது எதுக்குன்னு நெனச்சீங்க?