ஒரு பாலாடைத் தண்ணீர்

உளுந்து டப்பாவில் துவரை கிடந்தால் எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது. அதை எடுத்து அதனுடைய இடத்தில் வைத்த பிறகுதான் அடுப்பையே பற்ற வைப்பேன். என் குணம் அப்படி. அதனால் நீங்கள் வந்து உட்கார்ந்து கேட்பதில் எனக்கு எரிச்சல் ஒன்றும் இல்லை, ஐயா. இதுவரைக்கும் யாரும் என்னிடம் முறையாகக் கேட்கவில்லை. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் முத்துத்தாய் விஷயம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். அவள் கரிவலம்வந்தநல்லூருக்குப் போய் என் கொழுந்தன் நமச்சிவாயத்திடம் சொன்னதும், அவர் உங்களிடம் வந்து புகார் கொடுத்ததும் பொய்யில்லை. அவள் வெள்ளித் தம்ளரைத் திருடினாள் என்று நான் சொன்னதுதான் பொய். தம்ளர் என் பெட்டியில் இருக்கிறது. அவளை வேலையை விட்டு நிறுத்த எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

என் பெயர் காந்திமதியம்மாள். இறந்தவர் என் வீட்டுக்காரர் கைலாசநாதன். கரிவலத்தில் வயல், சங்கரன்கோவிலில் இந்த வீடு. இருபது வருஷத்துக் குடித்தனம். இந்த இருபது வருஷத்தில் எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது, வயல் யார் பேரில் இருக்கிறது, ஒன்றுகூட என்னிடம் அவர் சொன்னதில்லை. இரும்புப் பெட்டிச் சாவியை நான் கண்ணால் பார்த்ததில்லை. என் கல்யாண நகையைக்கூட விசேஷத்துக்கு முதல் நாள் எடுத்துக் கொடுப்பார். மறுநாள் கை நீட்டுவார், கழற்றிக் கொடுப்பேன்.

இது ஏன் என்னைச் சுட்டது என்பதற்கு எங்கள் அம்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வாசுதேவநல்லூர். எங்கள் அப்பா ஏரை அவிழ்த்துவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கருமாதி கழிந்த அன்றே சித்தப்பாமார் வந்து, பத்திரம் எங்கே, பட்டா எங்கே என்று கேட்டார்கள். அம்மைக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று அவள் சொன்னதையே சாட்சியாக வைத்து எங்களை வெளியேற்றினார்கள். பிறகு அம்மை தெருத்தெருவாக மாவு இடித்துக் கொடுத்து என்னை வளர்த்தாள். கல்யாணமான புதிதில் இதை இவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஒங்க அம்மைக்கு வெவரம் பத்தாது” என்றார்.

சுதந்திரம் வந்த வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஆள் தேறமாட்டார் என்று வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டேன், பெட்டிச் சாவி எங்கன வச்சிருக்கீங்க என்று.

“ஏட்டி, நான் எப்பச் சாவேன்னு காத்துக்கிட்டு இருக்கியா?”

“அப்படி இல்லங்க. எங்க அம்மைக்கு ஆனது ஒங்களுக்குத் தெரியும்லா.”

“பொம்பளைக்கு எதுக்கு அதெல்லாம். தம்பி இருக்கான், அவன் பாத்துக்கிடுவான்.”

தம்பி வந்தார். எனக்குச் சுக்குத்தண்ணி போட்டுவர உத்தரவாயிற்று. நான் தம்ளரோடு திரும்பி வந்தபோது இவர் தம்பியின் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். கொழுந்தன் சுக்குத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, “கருப்பட்டி கொஞ்சம் கூடிட்டு, மதினி” என்றார். என் வீட்டு ரகசியத்தை வயிற்றில் போட்டுக்கொண்டு என்னிடம் கருப்பட்டிக்குக் குறை சொன்னார். அன்று எனக்குள் பற்றியதை நான் அணைக்கவில்லை. மேலே சாம்பலை மூடி வைத்துக்கொண்டேன்.

அவர் பிழைத்து எழுந்தார். எழுந்ததும் தம்பி மீதும் நம்பிக்கை போய், எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தார். அதற்காக என்னை ஒரு நாள் முழுவதும் கோயிலுக்கு அனுப்பிவைத்தார்.

போன ஆடியில், தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் தெருவெல்லாம் நிறைந்திருந்த நேரம், குளித்துவிட்டு வந்தவர் முற்றத்தில் சரிந்தார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணி, பேச்சு குழறியது. ஆனால் எனக்குப் புரிந்தது. டாக்டர் வந்து பார்த்து, கவனித்தால் பிழைத்துக்கொள்வார் என்றார். “சாப்பாடு எறங்காட்டாலும் பரவாயில்லம்மா. தண்ணி மட்டும் விடாம குடுங்க. பாலாடையில கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க.” பாலாடை வீட்டில் இருந்தது. பிறந்து தங்காமல் போன எங்கள் பிள்ளைக்குப் பால் புகட்ட வாங்கிய மூக்குக் கிண்ணம்.

அன்று முழுவதும் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில், பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டு, சாவி எங்கே என்று கேட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, “தம்பியக் கூப்பிடு” என்றார்.

நான் பாலாடையை ஜன்னல் மாடத்தில் வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. உள்ளே போய்ச் சமையலைப் பார்த்தேன்.

மத்தியானம் அவராகவே கூப்பிட்டார். “தண்ணி” என்றார்.

“சாவி” என்றேன்.

சாயங்காலம் சொன்னார். அரிசிக் குதிருக்குப் பின்னால் ஆடுகிற செங்கல் ஒன்று, அதற்குள். போய்ப் பார்த்தேன், இருந்தது. திரும்பி வந்து நிறையக் கொடுத்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். தலையணையைக்கூடத் திருப்பிப் போட்டேன்.

கொழுந்தன் பார்க்க வந்தார். யாராவது பேச்சுக் கொடுத்தால் இவருக்கு நரம்பு வெடித்துவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி, வாசலோடு அனுப்பினேன். உள்ளே இருந்து இவர் குழறுவது கேட்டது. “என்ன சொல்லுதாரு மதினி?” என்றார். “வலியில அனத்துதாரு” என்றேன்.

இரும்புப் பெட்டியில் கொஞ்சம் ரொக்கம்தான் இருந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வயல் பட்டா பரணில் மூங்கில் குழாய்க்குள். வீட்டுப் பத்திரம் தென்காசியில் ஒரு வக்கீலிடம். என் நகை சாமி படத்துக்குப் பின்னால், சுவரில் குடைந்த பொந்தில். தினமும் அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக் கும்பிட்டவள் நான். கைக்கு வந்த ஒவ்வொன்றையும் மஞ்சள் துணியில் முடிந்து, இன்னது என்று சீட்டு எழுதிக் கட்டி, டிரங்குப் பெட்டியில் அடுக்கினேன். அடுக்கி முடித்து அதன் முன்னால் உட்கார்ந்தபோது, எங்கள் அம்மை இருந்தால் கூட்டிவந்து காட்டியிருக்கலாமே என்றிருந்தது.

“வேற என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லட்டி. எல்லாஞ் சொல்லிட்டேன்.”

இருபது வருஷம் பூட்டிய வாய் ஒரேயடியாகக் காலியாகிவிட்டது என்றால் யார் நம்புவார்கள். பாலாடையை மாடத்தில் வைத்தேன்.

சாயங்காலம், கிணற்றடித் துவைகல்லுக்குக் கீழே ஒரு செம்பு புதைத்திருப்பதாகச் சொன்னார். கொடுத்தேன். பிறகு கடப்பாரை எடுத்துத் தோண்டினேன். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். மறுநாள், மாட்டுக்கொட்டில் ஓட்டுக்கடியில் என்றார். ஏணி போட்டு ஏறினேன். பல்லி முட்டை கிடந்தது.

“பொய் சொல்லுதீங்களா?”

“தண்ணிக்குத்தாம்ட்டி” என்றார்.

உண்மை வேண்டியபோது ஒளித்தவர், உண்மை தீர்ந்ததும் பொய்யை எடுத்து நீட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாலாடையை மாடத்தில் ஓங்கி வைத்தேன், அதில் இருந்தது தரையில் சிந்தியது. அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றுதான் முத்துத்தாய் சேலை முந்தியை நனைத்து அவர் வாயில் பிழிவதைப் பார்த்தேன். “நாக்கு வெடிச்சுக் கெடக்கும்மா, பாவம்மா” என்றாள். தம்ளரைக் காணோம் என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

கடைசியாக அவர் ஒன்று சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். “வாசுதேவநல்லூர்ல... ஒங்க அப்பா நெலம்... ஒம் பேருக்கு வாங்கிட்டேன்.”

நான் அழுதுவிட்டேன், ஐயா. குடத்தோடு எடுத்து வந்து, அவர் போதும் என்கிற வரைக்கும் ஊற்றினேன். நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். அப்புறம்தான், பத்திரம் எங்கன இருக்கு என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. குடித்த தண்ணீரெல்லாம் கண்ணில் வந்தது போல இருந்தது.

மற்றப் பொய்யை எல்லாம் நான் மறந்திருப்பேன். இந்தப் பொய்யில், எங்கள் அம்மை மாவு இடித்த கையை எடுத்து அவர் தண்ணீர் மொண்டு குடித்திருக்கிறார்.

குடத்தை அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கூப்பிட்டது கேட்டது, பிறகு கட்டில் சட்டத்தைத் தட்டியது கேட்டது, பிறகு அதுவும் நின்றது. நின்ற பிறகும் ஒரு பொழுது விட்டுத்தான் திறந்தேன். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். அவரிடம் சொல்ல வேறு ஒன்றும் இல்லை என்பது, துவைகல்லுக்கடியில் தோண்டும்போதே எனக்குத் தெரியும்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் உண்மை சொன்ன ஒரு தடவைகூட நான் தண்ணீர் கொடுக்காமல் இருந்ததில்லை. இன்னும் ஒரே ஒரு உண்மையை அவர் மிச்சம் வைத்திருந்தால், இன்றைக்கு அவரே எழுந்து வந்து உங்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்.