நாற்பத்தொரு குஞ்சுகளும் ஒரு பிளக் பாயிண்டும்

மதுரையில் என்ன பெரிய குளிர் என்று நீங்களும் சிரிப்பீர்கள், மேடம். எல்லாரும் அப்படித்தான் சிரித்தார்கள். நமக்கு ஒரு போர்வை போதும். பொரித்து நாலு நாளான கோழிக்குஞ்சுக்கு மார்கழி மழை எமன்.

குஞ்சுகள் விறைத்துச் சாவது குறைவு. சூடு பத்தாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அடியில் மாட்டியவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். காலையில் போய்ப் பார்த்தால் மேலே உள்ளவை கத்திக்கொண்டு நிற்கும், கீழே உள்ளவை தட்டையாகக் கிடக்கும். இதை நான் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டேன்.

திருநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் கூண்டு இருக்கிறது. தகரத்தை வட்டமாக வளைத்து, உமி பரப்பி, மேலே இரண்டு குண்டு பல்பு தொங்கவிட்டிருந்தேன். சுற்றிலும் சாக்குப் படுதா. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, செத்த குஞ்சுகளைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது.

என் வீட்டுக்காரர் மலையாண்டி மூன்று வருடமாக ஆக்சிஜன் மிஷினில் இருந்தார். சிகரெட் குடித்துக் குடித்து நுரையீரல் போய்விட்டது. கட்டிலோடு கிடந்தவருக்கு ஒரு புண் வரவிடாமல் பார்த்துக்கொண்டேன். டாக்டரே பாராட்டினார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் கரண்ட் போனபோது, பல்பு இன்வெர்ட்டரைத் தின்கிறது என்று அவர்தான் அணைக்கச் சொன்னார். அணைத்தேன். இருபத்தாறு குஞ்சு போயிற்று. "கோழிதானடி, விடு" என்றார். அடுத்த வருடம் நான் உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். அன்றைக்கும் மழை. எங்கள் மகன் விக்ரமிடம் சொல்லிப் பல்பு வயரைக் கழற்ற வைத்துவிட்டார். திரும்பி வந்தபோது ஒன்றுகூட இல்லை. கரண்ட் இல்லாத அந்த நேரம் முழுக்க அதே இன்வெர்ட்டரில் டிவி ஓடியிருக்கிறது. கிரிக்கெட் மேட்ச்.   அவருக்குச் சோறு போட்டேன், மேடம்.

இந்த வருடம் நாற்பத்தொன்று பொரித்தது. மழை பிடிப்பதற்கு முன்பே எலக்ட்ரீசியன் சோலையைக் கூப்பிட்டு இன்வெர்ட்டரைக் காட்டினேன். இன்வெர்ட்டர் கரண்ட் அவர் படுத்திருக்கிற அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்டுக்குத்தான் வரும். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் செருகி, மிஷினையும் பல்பு வயரையும் சேர்த்து மாட்டியிருந்தோம். வயர் ஜன்னல் வழியாகக் கூண்டுக்குப் போகும்.

"அக்கா, பேட்டரி பழசாயிருச்சு. ரெண்டையும் சேத்துப் போட்டா அரை மணி நேரங்கூடத் தாங்காது. பல்பு மட்டும்னா, காலைல கரண்ட் போனாலும் சாயங்காலம் வரைக்கும் ஓடும்" என்றான். மிஷின் மட்டும் என்றால் எவ்வளவு நேரம் ஓடும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் நாள் மழை. விக்ரம் கப்பலூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பத்தரை மணிக்குக் கரண்ட் போயிற்று. கரண்ட் ஆபீசுக்கு நாலு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. கால் மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. இனி இரண்டில் ஒன்றுதான் ஓடும். அவர் முழித்துப் பார்த்தார். நான் மிஷின் பிளக்கைப் பிடுங்கினேன். ஒளிவுமறைவாக எதுவும் செய்யவில்லை, அவர் கண்ணெதிரேதான் பிடுங்கினேன்.

"செத்த பொறுங்க. குஞ்சுகளப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

கூண்டுக்கு மேலே போட்டிருந்த ஓடு ஒழுகி இரண்டு குஞ்சு நனைந்திருந்தது. மற்ற முப்பத்தொன்பதும் பல்புக்கடியில் பரவலாகப் படுத்திருந்தன. அப்படிப் படுத்திருந்தால் சூடு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இரண்டு வருடத்தில் அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததில்லை.

நனைந்த இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு அவர் அறைக்கே வந்தேன். வீட்டில் காற்று புகாத அறை அது ஒன்றுதான். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது.

"ஜெயக்கொடி, மூச்சு வரல. பிளக்க மாட்டு."

"நீங்க வாயத் தெறந்து கேக்குறீங்க. அதுகளுக்கு வாயிருக்கா, கேக்குறதுக்கு?" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன்.

அவர் கட்டில் தலைமாட்டில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் கையால் காட்டினார். ஆமாம், சிலிண்டர் இருந்தது. நிறைந்த சிலிண்டர். கரண்ட் போனால் திறப்பதற்கென்றே விக்ரம் வாங்கி வைத்தது. எப்படித் திறப்பது என்று இரண்டு தடவை எனக்குச் சொல்லியும் கொடுத்தான். குழாயை மாற்றி, ஒரு திருகு திருகினால் போதும்.

ஏன் திருகவில்லை என்று, காலையில் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எத்தனை தடவைதான் சொல்வது, மேடம்? என் இரண்டு கையிலும் குஞ்சு இருந்தது. கீழே விட்டால் தரை ஜில்லென்று இருக்கும். முந்தானையில் பொத்தி ஊதிக்கொண்டே நின்றேன். அவரையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், வேறு பக்கம் திரும்பவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாய் என்கிறீர்கள். மணி பார்க்கவில்லை. இரண்டு குஞ்சும் நன்றாகக் காய்கிற வரைக்கும் நின்றேன்.